எண்ணிக்கையும் எண்ணமும்

நாள்தோறும் காலையில் ஓர் இரயில் வண்டி புறப்படுகிறது. நூறு பேர் அமரக்கூடிய அவ்வண்டியில் இருபது பேரே ஏறுகின்றனர். செலவில் பாதிகூடக் கட்டணமாகத் திரும்புவதில்லை. ஆகவே அதனை நிறுத்திவிடலாம் என்கிறது நிருவாகம். நிறுத்தலாகாது என்கின்றனர் அந்த இருபது பேரும் அவர்தம் ஊராரும். அறம் இவ்விரு சாராருள் எவர் பக்கம் நிற்கிறது? மேலோட்டமாக நோக்கின், இது கணக்கர் தீர்த்துவைக்க வேண்டிய வழக்கு. ஆழ்ந்து நோக்கின், எண்ணிக்கைக்கும் நீதிக்கும் உள்ள உறவைப் பற்றிய வினா.

இவ்வினாவை நாடு தழுவிய அளவில் எதிர்கொண்ட நாடு பிரிட்டன். 1963-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிரிட்டிஷ் இரயில்வேயின் தலைவராக இருந்த டாக்டர் ரிச்சர்டு பீச்சிங் ஓர் அறிக்கையை வெளியிட்டார். பேரிழப்பில் இயங்கிய இரயில்வேயைச் சீர்செய்ய, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடலாம் என்றது அது. மொத்தத் தடத்தின் மூன்றில் ஒரு பகுதி, பயணப் போக்குவரத்தில் நூற்றில் ஒரு பங்கையே சுமக்கிறது என்றும் எடுத்துக்காட்டியது. எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று இது. வெறும் இருக்கைகளைச் சுமந்து ஓடும் வண்டிக்குச் செலவாவதும் மக்கள் பணமே. அப்பணத்தை எதிர்நோக்கி மருத்துவமனைகளும் பள்ளிகளும் காத்திருக்கின்றன. சிக்கனமும் ஓர் அறமே என்பதை நாம் மறுத்தல் இயலாது.

எனினும், அந்த எண்கள் எவ்வாறு பெறப்பட்டன? 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரே ஒரு வாரம் எடுக்கப்பட்ட கணக்கு, அறிக்கைக்கு முக்கிய அடிப்படையாக அமைந்தது. கோடை விடுமுறையில் நிரம்பி வழியும் கடற்கரை ஊர்களின் வண்டிகள், ஏப்ரலில் காலியாக ஓடுவது இயல்பன்றோ? எண் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை கூறியது. பிழை, கேட்டவர் கேள்வியில் இருந்தது.

மக்கள் வாளாவிருக்கவில்லை. ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு தடமோ நிலையமோ மூடப்படுமானால், அதனால் பயணிகளுக்கு நேரும் இன்னலைக் கேட்டறிந்து அமைச்சருக்கு உரைக்க ஆலோசனைக் குழுக்கள் இருந்தன. இன்னலைக் கேட்டறிதல் உயர்ந்த நெறியே. ஆனால் நிருவாகம் காட்டிய வரவு செலவுக் கணக்கு சரியா என்று அக்குழுக்கள் ஆராய இடமில்லை. மேலும், தடத்தை மூடாமல் வண்டிகளை மட்டும் குறைத்தால், அந்த விசாரணையும் தேவைப்படவில்லை. பெரிய அநீதி சிறிய உருவில் நுழையும் வாயில் இதுவே.

வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் தடத்தில் நிகழ்ந்ததைக் காண்போம். 1970-இல் அத்தடத்தின் சிற்றூர் நிலையங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. 1982-இல் நெடுந்தூர விரைவு வண்டிகள் வேறு வழியே திருப்பிவிடப்பட்டன. நாளுக்குப் போக இரண்டு, வர இரண்டு என வண்டிகள் சுருங்கின. அதன்பின், தடத்தையே மூடும் அறிவிப்பு 1983-இல் வந்தது. வண்டியைக் குறைத்தால் பயணிகள் குறைவர். பயணிகள் குறைந்தனர் என்று காட்டி மீண்டும் வண்டியைக் குறைக்கலாம். இவ்வட்டத்தை மக்கள் உணர்ந்தனர். இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்புகள் பதிவாயின. 1989-இல் அரசு மூடும் திட்டத்தைக் கைவிட்டது. பீச்சிங் அறிக்கை மூடச் சொன்ன வட இலண்டன் நகர்ப்புறத் தடமும் மக்கள் எதிர்ப்பால் பிழைத்தது. இன்று அத்தடம் பணிக்குச் செல்வோரால் நிரம்பி வழிகிறது. போராடியும் தோற்ற ஊர்கள் பல என்பதையும் மறைத்தல் ஆகாது.

இவ்வரலாற்றை நான் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு உறுத்தும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்குப் பள்ளி முடிந்தவுடன் கூடுதல் வகுப்பு நடத்தி வந்தோம். ஆசிரியர்களின் வசதிக்காக அதனை மாலை நான்கு மணிக்கு மாற்றினேன். இருபத்து நான்கு மாணவர் ஐவர் ஆயினர். ஐவருக்காக ஒரு வகுப்பா என்று நிறுத்திவிட்டேன். மறுநாள், பால்மரம் வெட்டும் தாய் ஒருவர் வேலை உடையுடனே பள்ளிக்கு வந்தார். தோட்டத்து லாரி பகலிலேயே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது; மாலையில் திரும்பிவர வழியில்லை என்றார். "ஐயா, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று எண்ணினீர்கள். அவர்கள் எப்படி வருவார்கள் என்று எண்ணினீர்களா?" என்று கேட்டார். விடை கூற என்னிடம் சொல் இல்லை. வகுப்பு பழைய நேரத்திற்கே திரும்பியது.

தமிழில் எண்ணுதல் என்பதற்குக் கணக்கிடுதல் என்றும் பொருள். சிந்தித்தல் என்றும் பொருள். முதற்பொருளோடு நின்றுவிடுவது நிருவாகத்தின் இயல்பு. இரண்டாம் பொருளை நினைவூட்டுவது எதிர்த்து நிற்கும் மக்களின் தொண்டு. காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்பது ஆள்வோர்க்கு அழகு என்பது வள்ளுவர் காட்டிய நெறி. எதிர்ப்போர் கூறுவதெல்லாம் சரியென்று கொள்ள வேண்டியதில்லை. எல்லா வண்டிகளையும் என்றென்றும் ஓட்டுதலும் இயலாது. ஆனால் குறைப்பதற்கு முன் இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். இக்குறைவு தானே வந்ததா, நம் செயலால் வந்ததா? இதனை இழப்போருக்கு வேறு வழி உண்டா? இவ்வினாக்களை எழுப்பாமல் காட்டப்படும் எண், சான்று ஆகாது.

நூற்றைம்பது மாணவர்க்கும் குறைந்த தமிழ்ப்பள்ளிகள் பலவற்றைக் கொண்ட நாட்டில் வாழும் நமக்கு, இஃது அயல்நாட்டுக் கதையன்று. நம் பள்ளிகளைப் பற்றிப் பிறர் எண்ணிக்கை பேசும்போது நாம் கேட்கும் வினாக்களை, நம் வகுப்பறைக்குள் நாமே எண்ணிக்கை பேசும்போதும் கேட்போமாக. வருகைப் பதிவேட்டில் வெற்றிடமாக நிற்கும் ஒவ்வொரு கட்டத்திற்குப் பின்னும் வழி கிட்டாத ஒரு குழந்தை நிற்கக்கூடும்.