கோடு நிறைந்திருக்கிறது, தொடர்பு இருக்கிறதா?



இந்த மாதம் நம் வீடுகளிலுள்ள வைஃபை பெட்டியைக் குறித்து எழுத வாஞ்சிக்கிறேன். சபைப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்கிறீர்களா? படுக்கையில் இருக்கிற தாய்மார் ஞாயிறு ஆராதனையில் பங்குபெறுவது இந்தப் பெட்டி வழியாய்த்தான். வெளிநாட்டில் பாடுபடுகிற மகனின் முகத்தை ஒரு தகப்பன் பார்ப்பதும் இதன் வழியாய்த்தான். அது நின்றுபோனால் அந்த வீட்டில் அன்றைக்குத் துக்கம்!

"பிரதர், போன்ல கோடு முழுசா இருக்கு, ஆனா ஒண்ணுமே வரமாட்டேங்குது" என்று பலர் என்னிடம் சொல்லுகிறார்கள். பிரியமானவர்களே, நன்றாய்க் கவனியுங்கள். அந்தக் கோடு எதைக் காட்டுகிறது? உங்கள் போனுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள தொடர்பை மாத்திரமே காட்டுகிறது. பெட்டிக்கும் வெளியுலகத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை அந்தக் கோடு சொல்லாது. பக்கத்தில் இருப்பது வேறு, மூலத்தோடு இணைந்திருப்பது வேறு! ஆகையால் எதையும் தொடுமுன் கேளுங்கள்: அறுந்தது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அதை அறிவது எப்படி? வீட்டிலுள்ள இன்னொரு போனை எடுத்துப் பாருங்கள். அதிலேயும் வரவில்லையா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் உங்கள் போனில் இல்லை. பெட்டியண்டை போங்கள். ஃபைபர் இணைப்பானால், எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாய் எரிகிறதா? வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். கேபிள் மடங்கியிருக்கலாம், கழன்றிருக்கலாம், தெருவிலே அறுந்திருக்கலாம். பாஸ்வேர்டை நூறு தரம் மாற்றினாலும் அது சரியாகாது. கம்பெனிக்குப் போன் பண்ணுங்கள்.

மற்றவர்களுக்கு வருகிறது, உங்களுக்கு மாத்திரம் வரவில்லையா? போனில் அந்த வைஃபை பெயரை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாய்ப் போடுங்கள். கம்ப்யூட்டரானால் ஐபி எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், பெட்டியிடமிருந்து முகவரி வரவில்லை. கம்ப்யூட்டர் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது. தானே போட்டுக்கொண்ட முகவரியை வைத்து வெளியே போகமுடியாது! வீட்டிலோ மண்டபத்திலோ இரண்டாவது பெட்டி வைத்திருக்கிறவர்களே, டிஹெச்சிபி என்கிற முகவரி கொடுக்கும் வேலையை ஒரே பெட்டியிடம் விடுங்கள். இரண்டும் தன்னிஷ்டமாய்க் கொடுத்தால் குழப்பந்தான்.

சிலருக்கு ஹாலில் வரும், உள்ளறையில் வராது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாய் ஓடும், சுவரைத் தாண்டுவதில் பலவீனம். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும். ஆனால் பக்கத்து வீட்டுப் பெட்டிகளும், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைச்சல் போடுகின்றன. அதிலே 1, 6, 11 ஆகிய சேனல்கள் ஒன்றோடொன்று மோதாதவை. கூட்டம் குறைந்ததைத் தெரிந்தெடுங்கள். பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைக்காதேயுங்கள். வீட்டின் நடுவிலே, உயரத்திலே வையுங்கள்.

ஒரு எச்சரிப்பு! ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுவது வேறு, பின்னாலுள்ள ரீசெட் துவாரத்தில் ஊசியை வைத்து அழுத்திப் பிடிப்பது வேறு. முதலாவது, பெட்டியைப் புதிதாய் எழுப்பும். இரண்டாவதோ, நீங்கள் உள்ளே பதிந்துவைத்த யாவையும் அழித்துப்போடும். பிறகு அதையெல்லாம் திரும்பப் பதிகிறவரைக்கும் வீடு முழுவதற்கும் தொடர்பு இராது.

ஆகையால் பதறாதேயுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரியாயிற்று என்று ஒருநாளும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், பாருங்கள், அப்புறம் அடுத்தது.

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் தனிமையாய் இருக்கிற ஒரு பாட்டியம்மா இன்றைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு மகனுக்காகக் காத்திருக்கலாம். பத்து நிமிஷம் போய்ப் பார்த்துக் கொடுங்களேன்! அதுவும் ஊழியந்தான். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.