ஜன்னலைத் திறந்தா கடல்!

'ஜன்னலைத் திறந்தா கடல் சார்!' என்றார் புரோக்கர். தரங்கம்பாடியில் வீடு பார்க்கப் போயிருந்தோம். பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? லோன் எவ்வளவு, ரிட்டயர் ஆக இன்னும் எத்தனை வருஷம் என்று கூட்டிக் கழித்தது. மனைவி ஊஞ்சலுக்கு இடமே பார்த்துவிட்டாள்.

கூடையோடு வந்த மீன்கார அம்மா கேட்டார்: 'குடியிருப்பீங்களா, பூட்டி வெப்பீங்களா?'

'லீவுக்கு லீவு வருவோம்மா...' குரல் ஏனோ இறங்கிவிட்டது.

'பூட்டின வீட்டுல யாருக்குத் தம்பி மீன் விக்கிறது?'

இந்த ஊருக்கு வாங்கவும் விற்கவும் வந்தவர்கள் அநேகம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு கோட்டை கட்டிய டென்மார்க்காரர்கள், 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. அது பத்திரமெல்லாம் பார்ப்பதில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்குப் புது வீடுகள் கரையிலிருந்து தள்ளிக் கட்டப்பட்டன. பாதுகாப்புக்காகத்தான். ஆனால், கடலை நம்பிப் பிழைப்பவர் தள்ளிப் போக, வேடிக்கை பார்ப்பவன் கிட்டே வருவது என்ன கணக்கு? வருஷத்தில் பத்து நாள் காற்று வாங்க, மீதி நாளெல்லாம் ஒரு தெருவை இருட்டாக்கலாமா?

வாழ்க்கையை அனுபவிப்பது தப்பே இல்லை. ஆனால், ஓர் ஊரை அனுபவிக்கணும்னா, அந்த ஊர் ஆளாகணும். அங்கே மளிகை வாங்கணும், நல்லது கெட்டதுக்கு நிக்கணும்.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. 'குடியிருக்க வரும்போது வாங்கறோம்மா' என்றேன்.

'வாங்க தம்பி, நான் இருந்தா மீன் கொண்டாரேன்' என்றார்.