தொட்டவர்களுக்கே பேச்சுரிமை

கண்ணியத்தோடு சாவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று 2018 மார்ச் 9ஆம் தேதி உச்சநீதிமன்றம் சொன்னது. ‘காமன் காஸ்’ அமைப்பு போட்ட வழக்கு. மீளவே முடியாத நிலை வந்தால் வெண்டிலேட்டர் மாதிரி கருவிகள் எனக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்து என்றிருந்ததை 2023 ஜனவரியில் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சியும், நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ இருந்தால் போதும். எழுதி வைக்காதவர்களுக்கும் வழி உண்டு. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும், குடும்பம் சம்மதிக்க வேண்டும்.

தீர்ப்பைக் குறை சொல்ல வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய சேரியில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது ஒரு கேள்வி வருகிறது. ‘வேண்டாம்’னு சொல்ல உரிமை கொடுத்தாச்சு, சரி. ‘வேணுமா’ன்னு நம்மள யார் கேட்டாங்க?

எங்க பக்கம் நடப்பது வேறு. காண்ட்ராக்ட் வேலையாள் ஒருத்தர் மயங்கி விழுந்தால் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. கம்மல் அடகுக்குப் போகும், அப்புறம் வட்டிக்கு வாங்குவாங்க. பிழைப்பாரா மாட்டாரா என்று யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். காசு தீர்ந்த அன்று இங்கிலீஷில் ஒரு தாள் வரும். ‘இங்க போடும்மா’ என்பார்கள். டாக்டர் சொல்லை மீறி நாங்களே விரும்பிக் கூட்டிப் போகிறோம் என்று அதில் இருக்கும். குழாயோடு ஆம்புலன்ஸில் ஏற்றி, வீட்டு வாசலில் வைத்துக் கழற்றுவார்கள். குழுவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பணமில்லாமல் நின்ற வைத்தியம் அந்தத் தாளில் குடும்பத்தின் விருப்பம் ஆகிவிடுகிறது. வேறு வழியே இல்லாதவள் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

‘வைத்தியமே கிடைக்காத ஜனத்துக்கு வைத்தியம் வேண்டாம்னு சொல்ற உரிமை எதுக்கு?’ என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பயனில்லை என்று தெரிந்தும் பில் ஏற்றிக்கொண்டே போவதும், பணம் நின்றதும் வெளியே தள்ளுவதும் ஒரே அநியாயத்தின் இரண்டு பக்கம். இரண்டிலும் முடிவு நம் தலைக்கு மேல் நடக்கிறது.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக்கை நினைத்துப் பாருங்கள். 1973இல் அதே ஆஸ்பத்திரி ஊழியன் ஒருவனால் தாக்கப்பட்டு, 2015 மே 18இல் சாகும்வரை படுக்கையிலேயே கிடந்தவர். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தச் சொல்லி எழுத்தாளர் பிங்கி விரானி போட்ட மனுவை 2011இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. அருணாவுக்காகப் பேசும் தகுதி விரானிக்கு இல்லை, அத்தனை வருசம் குளிப்பாட்டி, ஊட்டிப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே உண்டு என்றது. தொட்டவர்களுக்கே பேச்சுரிமை! தீண்டாமை உள்ள நாட்டில் இது சாதாரண வார்த்தையா?

இதை நம்ம ஆஸ்பத்திரிக்குள் கொண்டு வந்து பாருங்கள். பெட்பேன் எடுப்பது, பிணத்தைத் துடைப்பது, மார்ச்சுவரிக்குத் தள்ளிப் போவது யார்? பெரும்பாலும் நம்ம ஜனம், அதுவும் காண்ட்ராக்டில். ராத்திரியில் நோயாளி என்ன புலம்பினார், எதற்குப் பயந்தார் என்று அந்த ஆயாவுக்குத் தெரியும். ஆயாவை யாரும் கேட்பதில்லை. நினைவோடு இருக்கும் நோயாளியையே கேட்பதில்லையே.

கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்குவோம். தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018 நோயாளர் உரிமை சாசனம், பில் பாக்கிக்காகப் பிணத்தைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. மார்ஃபின் கிடைப்பதற்கு இருந்த சட்டத் தடைகள் 2014 திருத்தத்தில் தளர்ந்தன. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து வலியைக் குறைக்கும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. இவை சேரிக்குள் வந்து சேர வேண்டும். நோய் எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தமிழில், உட்கார வைத்து, ‘நீங்க’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகு நாங்கள் ‘வேணும்’ என்போமா ‘வேண்டாம்’ என்போமா என்பது எங்கள் முடிவு.