சத்திரக்காரனுக்குக் கொடுத்த கூலி



நல்ல சமாரித்தன் உவமையை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். காயப்பட்டவனைத் தூக்கிச் சென்ற அந்தப் புண்ணியவானைப் பற்றிப் பிரசங்கங்களில் பேசுகிறோமேயன்றி, சத்திரக்காரனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சமாரித்தன் அவனிடம் இரண்டு வெள்ளிக் காசைக் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனான். அவன் போன பிறகு சத்திரக்காரன் காயம் ஆற வேண்டியதைச் செய்து, ஆன செலவை நேர்மையாய் எழுதி வைக்கலாம். அல்லது, கொடுக்கத்தான் ஒருவன் இருக்கிறானே என்று, வேண்டாததையும் செய்து கணக்கை நீட்டலாம். குற்றுயிராய்க் கிடப்பவனுக்கு எது வேண்டியது, எது வேண்டாதது என்று எப்படித் தெரியும்?

சில மாதங்களுக்கு முன் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். முதியவர் நினைவிழந்து கிடந்தார். வைத்தியர்கள் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூத்த மகன் என்னை வெளியே அழைத்து, "சாமி, இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்னு சொல்றாங்க. தங்கச்சி நகையும் அடகுக்குப் போயிருச்சு. வேண்டாம்னு சொன்னா அப்பாவைக் கைவிட்ட பாவம் வருமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைப் பிறகு கூறுகிறேன். அந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்பதை முதலில் யோசிப்போம்.

வைத்தியர் கூலி வாங்குவது பாவமல்ல. ஆளையும் காரியத்தையும் உழைப்பையும் நாட்டு வழக்கத்தையும் பார்த்து அளவான கூலி வாங்கலாம் என்றும், அளவு மீறிப் பறித்தால் அது நீதிக்கு விரோதமான பாவம் என்றும் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதித்திருக்கிறார். ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இன்று பெரும்பாலும் ஒவ்வொரு பரிசோதனைக்கும், ஒவ்வொரு ஊசிக்கும், ஒவ்வொரு நாள் படுக்கைக்கும் தனித்தனியே பணம் கட்டுகிறோம். இந்த ஏற்பாட்டில் நோய் நீண்டால் ஆஸ்பத்திரிக்கு வரவு. சீக்கிரம் குணமானால் வரவு குறைவு.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்த பிரசவங்களில் 100-க்குச் சுமார் 64 ஆபரேஷன் பிரசவங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 36. ஆபரேஷன் எத்தனையோ தாய்மாரையும் குழந்தைகளையும் காப்பாற்றுகிறது; அதற்காகச் சர்வேசுரனுக்கு நன்றி சொல்லுவோம். இந்த வித்தியாசம் முழுவதற்கும் பணமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். பயமும், நல்ல நாள் பார்க்கும் நம் வழக்கமும் இதில் உண்டு. ஆனால் பணத்துக்கு இதில் பங்கே இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

வேறு விதமாகக் கூலி கொடுக்கவும் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசாங்கக் காப்பீடு, 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இன்ன நோய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகையை நிர்ணயித்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைந்தன. ஆனால் முற்றும் குணமாகாதவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்ற முறையீடு எழுந்தது. ஆகவே 2012 முதல், சில நோய்களில் 30 நாட்களுக்குள் நோயாளிகள் அளவுக்கு மிஞ்சித் திரும்பி வந்தால் அந்த ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் 1948 முதல் குடும்ப வைத்தியருக்கு, அவரிடம் பதிவு செய்த ஆட்களின் எண்ணிக்கைப்படி பணம் கொடுத்தார்கள். அதில் வேண்டாத சிகிச்சைக்கு ஆசை எழாது. ஆனால் வேண்டியதையும் செய்யாமல் விடும் சோம்பல் வரலாம். நம் மாநிலத்தில் 2009-இல் தொடங்கிய அரசாங்கக் காப்பீட்டிலும் சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை உண்டு. அங்கே சுலபமான நோயாளியைச் சேர்த்துக்கொண்டு கடினமானவரைத் தட்டிக்கழிக்கும் சோதனை இருக்கிறது.

அப்படியானால் எந்த ஏற்பாடும் வீண்தானா? இல்லை. பாவத்தை மட்டுமல்ல, பாவ சந்தர்ப்பங்களையும் விலக்க வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். குடிகாரனைத் திருத்த விரும்புகிறவன் அவனைக் கள்ளுக்கடையில் வேலைக்கு வைக்க மாட்டான். நல்ல வைத்தியனையும் நாள்தோறும் சோதனைக்கு உட்படுத்தும் ஏற்பாட்டை மாற்றுவது ஆள்வோரின் கடமை. அதைக் கேட்பது நம் கடமை. செய்த வேலைகளின் எண்ணிக்கைக்கு அல்ல, நோயாளி அடைந்த நன்மைக்கே கூலி என்பது நல்ல நோக்கம். ஆனால் எந்தச் சட்டமும் மனச்சாட்சிக்குப் பதிலாக நிற்காது.

அந்த மகனுக்கு நான் சொன்னது இதுதான். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளவே நாம் கடமைப்பட்டிருக்கிறோம். தாங்க முடியாத பாரமான அசாதாரண வழிகளுக்கு ஒருவரும் கட்டுப்பட்டவரல்லர். இதை 12-ஆம் பத்திநாதர் பாப்பரசர் 1957-ஆம் ஆண்டு நவம்பரில் வைத்தியர்களுக்கே தெளிவாய் எடுத்துரைத்தார். "உள்ளே போய், இந்த ஸ்கேனால் அப்பாவுக்கு என்ன நன்மை என்று கேளும்" என்றேன். அவர் போய்க் கேட்டார். வைத்தியர் சற்று யோசித்து, "எடுக்காவிட்டாலும் பாதகமில்லை" என்றார். முதியவர் பிள்ளைகள் ஜெபமாலை சொல்ல, இரண்டாம் நாள் அமைதியாய் மரித்தார்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகளே, கேட்கப் பழகுங்கள். இதனால் என்ன நன்மை, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று மரியாதையாய்க் கேளுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி போட்டே தீர வேண்டும் என்று நீங்களும் வற்புறுத்தாதீர்கள். நம் பங்கிலுள்ள வைத்தியர்களே, தாதிமாரே, கண் மூடிக் கிடப்பவனின் கணக்கை எழுதும்போது, சமாரித்தன் திரும்பி வருவான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் வரும்போது கணக்கைப் பார்ப்பான்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு