எழுதாத வஸிய்யத்

மவுத் உறுதி, அதன் நேரம் மட்டுமே மறைவு. இதை மறுப்போர் நம்மில் எவருமிலர். ஆயினும் வஸிய்யத் என்ற சொல்லை வீட்டில் எடுத்துவிட்டால், "இப்போது அதற்கு என்ன அவசரம்? வாயில் நல்ல வார்த்தை வரட்டும்" என்று பெரியவர்களே பேச்சை அடைத்துவிடுகிறார்கள். அவசரம் வந்த பின் அதைச் செய்யும் உரிமையே பெரும்பகுதி கைநழுவிவிடுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

வஸிய்யத் செய்யத்தக்க பொருள் உடைய முஸ்லிம், அது எழுதித் தன்னிடம் இல்லாத நிலையில் இரண்டு இரவுகளைக் கழிப்பதும் தகாது என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். நோயாளி என்றோ முதியவர் என்றோ அங்கே சொல்லப்படவில்லை. பொருள் உடையவர் என்பதே பேச்சு. திருமறையின் மிக நீண்ட வசனமும் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதி வைப்பது தவக்குலுக்கு மாறானது என்போர் அவ்வசனத்தை என்ன செய்வார்கள்?

நம் பாட்டனார் காலத்தில் இந்த அலட்சியம் எவரையும் பெரிதாகச் சுட்டதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஏரித் தண்ணீரை நம்பிய நெல்வயலும், வானத்தை நம்பிய புஞ்சையுமாக இருந்த பூமி அது. விளைந்ததை அண்ணன் தம்பியர் பகிர்ந்துண்டனர். பட்டா எவர் பெயரில் இருந்தால் என்ன என்றிருந்தனர். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலைக்குக் கால்கோள் நடந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என சிப்காட் பூங்காக்கள் பெருகின. மூட்டைக் கணக்கில் பேசப்பட்ட நிலம் சதுர அடிக் கணக்கில் பேசப்படலாயிற்று. பட்டா மட்டும் பல வீடுகளில் பாட்டனார் பெயரிலேயே நிற்கிறது.

நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பு வரும் நாளில்தான் வாரிசுகள் யார் யார் என்று வீடு விழித்துக்கொள்கிறது. பங்கில் தகராறு என்றால் இழப்பீட்டுத் தொகை எவர் கைக்கும் வராமல் வைப்பில் கிடக்கும். எங்கோ வாழ்க்கைப்பட்டுப் போன மாமியை அன்றுதான் தேடுவார்கள். பங்கைக் கொடுப்பதற்கன்று, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவதற்கு! ஷரீஅத் சட்டம் 1937இல் இயற்றப்பட்டபோது விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அவ்விலக்கை நீக்கியது. எனவே தமிழ்நாட்டில் வயலிலும் மகளுக்குப் பங்குண்டு. அது ஆண்மக்கள் பார்த்துக் கொடுக்கும் சீர்வரிசையன்று.

பங்கு உடையவர்க்காவது சட்டம் துணை நிற்கிறது. பங்கே இல்லாதவர்க்கு யார் துணை? தகப்பனை முந்திக்கொண்டு மகன் இறந்துவிடுகிறான். அவன் பிள்ளைகள் பாட்டனார் நிழலில் வளர்கின்றன. பாட்டனாருக்கு வேறு ஆண்மக்கள் இருப்பின் அவருடைய சொத்தில் அந்த யத்தீம்களுக்குப் பங்கில்லை. எகிப்து 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்குக் கட்டாய வஸிய்யத் ஒன்றை வகுத்தது. பாகிஸ்தான் 1961இல் தந்தையின் பங்கையே அவர்களுக்கு அளித்தது. அவை சரியா என்பதில் உலமாக்களிடையே வேறுபாடு உண்டு. அந்த வாதத்திற்குள் நான் புகவில்லை. நம் நாட்டில் அப்படியொரு சட்டமில்லை. ஆனால் பாட்டனாரிடம் ஒரு பேனா இருக்கிறது.

மூன்று ஏக்கர் உடைய ஒருவர் மனைவி, இரு ஆண்மக்கள், ஒரு மகள், இறந்த மகனின் பிள்ளைகள் ஆகியோரை விட்டுச் செல்கிறார் என்று கொள்வோம்; பெற்றோர் இல்லை, கடனும் இல்லை. அவர் எழுதாமல் போனால் மனைவிக்கு 37½ சென்ட், மகன்களுக்கு 105 சென்ட் வீதம், மகளுக்கு 52½, பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. மூன்றில் ஒரு பங்கை அவர்களுக்கு வஸிய்யத் செய்திருந்தால் யத்தீம்களுக்கு ஓர் ஏக்கர். எஞ்சியதில் மனைவிக்கு 25, மகன்களுக்கு 70 வீதம், மகளுக்கு 35. எவரும் தெருவில் நிற்கவில்லை. எழுதாதவர் ஒன்றும் செய்யாதிருந்துவிட்டதாக நினைக்கலாம். அவருடைய மௌனம் அந்தப் பிள்ளைகளின் ஓர் ஏக்கரை மற்றவர்க்குப் பங்கிட்டுவிட்டது.

"கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்க்கு பிக்ஹு அறிஞர்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். ஒருவன் பொருள் எதுவரை அவன் பொருள்? நலமாயிருக்கும்வரை முழுவதும் அவனுடையதே. உயிரோடிருக்கையில் ஹிபாவாகக் கொடுத்து, பெறுபவர் கையில் ஒப்படைத்தும்விட்டால் அளவுக்குத் தடையில்லை. ஆனால் நோய் மரணத்தை நோக்கித் திரும்பி, அவனும் அதை உணர்ந்துவிட்டால், அது மரளுல் மவுத். அப்போதே வாரிசுகளின் உரிமை அப்பொருளைத் தொட்டுவிடுகிறது. அந்தப் படுக்கையில் கொடுப்பதற்கு ஹிபா என்று பெயரிட்டாலும் அது வஸிய்யத்தின் அளவிலேயே நிற்கும். கடன் போக மூன்றில் ஒன்றைத் தாண்டாது. வாரிசுக்குக் கொடுத்ததாயின் ஏனைய வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது. இந்திய நீதிமன்றங்களும் இதனை ஏற்றே தீர்ப்பளிக்கின்றன.

சாகும் தறுவாயில் எழுதும் கையை ஷரீஅத் ஏன் இவ்வளவு ஐயுறுகிறது? எப்படியும் தன்னை விட்டுப் போகப் போவதை அப்போது கொடுப்பதில் பெரிய ஈகை ஒன்றுமில்லை. அதைவிட முக்கியமானது வேறு. படுக்கையருகே நிற்பவன் எவனோ அவன் பக்கமே எழுத்துச் சாயும். தொலைவிலுள்ள மகளும், பேசத் தெரியாத யத்தீமும் அங்கே நிற்பதில்லை.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) மக்காவில் கடும் நோயுற்று, தமக்கு ஒரே மகள்தான் என்று கூறி, பொருளில் மூன்றில் இரு பங்கைத் தருமம் செய்ய அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) மறுத்தார்கள், பாதிக்கும் மறுத்தார்கள், மூன்றில் ஒன்றுக்கு இசைந்து, அதுவே அதிகம் என்றார்கள். ஸஅத் (ரலி) பிழைத்தெழுந்தார்கள். காதிஸிய்யாப் போரில் படை நடத்தினார்கள். மேலும் மக்கள் பிறந்தனர். இந்த நபிமொழியைத் தந்தையிடம் கேட்டு அறிவிப்பவர் மகனார் ஆமிர்! நோயில் போட்ட கணக்கு எவ்வளவு குறுகியது, பாருங்கள்.

இன்று ஆலைகளில் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். மணமாகுமுன் வங்கிக் கணக்கில் தாயை நாமினியாகக் குறித்திருப்பீர்கள். நாமினி தொகையைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரியவர் அல்லர் என்று உச்சநீதிமன்றம் ஆயுள் காப்பீட்டைப் பற்றி 1983இலும், வங்கிச் சேமிப்பைப் பற்றி 2010இலும் தீர்ப்பளித்தது. காப்பீட்டுச் சட்டம் பின்னர் 2015இல் திருத்தப்பட்டது. வங்கித் தொகையிலோ நாமினி அமானிதம் ஏந்தியவரே. தாய்க்கு ஒரு பங்கு, மனைவிக்கு ஒரு பங்கு என அது பிரியவேண்டும். மனைவிக்குக் கொடுக்காமல் நிற்கும் மஹரோ பங்கன்று, கடன். பாகப்பிரிவினைக்கு முன்பே தீர்க்கப்படவேண்டியது. கடனாளியின் ஜனாஸாவுக்குத் தாமே தொழவைக்காமல் நாயகம் (ஸல்) நின்றதும், அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழவைத்ததும் நாம் அறிந்தவையே.

இத்தனைக்கும் வஸிய்யத்துக்கு முத்திரைத்தாள் வேண்டுவதில்லை. பதிவும் கட்டாயமில்லை, விரும்பினால் எப்போதும் பதியலாம். வாய்மொழியும் நம் சட்டத்தில் செல்லும். ஆனால் வாய்மொழிக்குச் சாட்சி தேடுவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். வெள்ளைத்தாளில் எழுதி, நேர்மையான இருவரைச் சாட்சியாக்கி, மஹரையும் கைமாற்றுக் கடன்களையும் அதே தாளில் குறித்து, அது இருக்கும் இடத்தை மனைவியிடம் சொல்லிவையுங்கள். உயிருள்ளவரை மாற்றி எழுதவும் தடையில்லை.