பசை காயும் வரை

பெட்டியில் வந்திருப்பது கவசம் அல்ல, கவசமாகக்கூடிய பிளாஸ்டிக். வெள்ளை ஏ.பி.எஸ். ஷீட்டில் மார்பு, முதுகு, வயிறு, தோள், தொடை, கெண்டைக்கால் என்று புடைத்து நிற்கும் வடிவங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் வெட்டி எறிய வேண்டிய ஓரம். கைக்கும் காலுக்கும் முன்பாதி வேறு, பின்பாதி வேறு. தலைக்கவசத்தில்கூட முகம் ஒரு துண்டு, பின்மண்டை ஒரு துண்டு, காதுகள் தனி. 1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரிசை வரிசையாக வரும் வெள்ளை ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் எல்லாரும் இப்படித் துண்டுகளாகத்தான் தொடங்கினார்கள்.

எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஓர் ஆள் மல்லாந்து படுத்திருக்கும் வரிசையில் அடுக்கினேன். எது வலம், எது இடம் என்று உட்புறம் பென்சிலால் எழுதி வைத்தேன். வலது தொடையின் கீழ் ஓரத்தில்தான் சிறு பெட்டிகளின் வரிசை வரும். முழங்கால் தகடு இடது காலுக்கு மட்டும். இன்றைக்கு இவ்வளவு போதும்.

*

இந்தத் துண்டுகளை உருவாக்கிய வேக்யூம் ஃபார்மிங் எளிமையான முறை. பிளாஸ்டிக் ஷீட்டைச் சட்டத்தில் இறுக்கிச் சூடாக்குவார்கள். அது தன் பாரத்திலேயே நடுவில் தொய்யத் தொடங்கும் பதத்தில் அச்சின்மேல் இறக்கி, அடியிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். மேலே இருக்கும் வெளிக்காற்று ஷீட்டை அச்சோடு அமுக்கிவிடும். ஆறியதும் விறைத்துக்கொள்ளும்.

நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கிற காற்றின் பாரம்தான் இந்த மார்புத் தகட்டை மார்பாக்கியது. வேறு எந்தக் கையும் அழுத்தவில்லை.

ஷீட் எங்கே அதிகம் இழுபட்டதோ அங்கே மெலிந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் தெரிகிறது: சமதளமான இடங்கள் மங்கலாகவும், ஆழமான மூலைகள் பால் நிறத்தில் ஒளியை உள்ளே விட்டபடியும். விரிசல் முதலில் விழப்போவது அந்த மூலைகளில்தான். அங்கெல்லாம் உள்ளிருந்து ஒட்டுப் போட வேண்டும். வெட்டி எறியும் ஓரங்களைச் சேர்த்து வைக்கிறேன். பொடியாக நறுக்கி அசிட்டோனில் ஊறவைத்தால் கரைந்து குழம்பாகிவிடும். அதே பிளாஸ்டிக், அதே வெள்ளை. இடைவெளியை அடைக்க அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும், நெடி மண்டையைப் பிளக்கும்.

*

இந்த வடிவத்தின் மூலத்தைத் தேடிப்போனால் கைகள் தட்டுப்படுகின்றன.

ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியங்களில் இந்த வீரன் முதலில் தோன்றினான். உடை வடிவமைப்பு ஜான் மொல்லோவினுடையது. அவர் ராணுவச் சீருடைகளின் வரலாற்றைக் கற்றவர், இந்தப் படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் உடல் கவசத்தைக் களிமண்ணில் செதுக்கியவர் பிரையன் மியூர் என்ற இளைஞர். படத்தின் வில்லன் டார்த் வேடரின் முகமூடியும் அவர் செதுக்கியதுதான். தலைக்கவசங்களை ட்விக்கனத்தில் இருந்த தன் பட்டறையில் பிளாஸ்டிக்கில் இழுத்துக் கொடுத்தவர் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த். படத்துக்காக அவர் செய்து தந்தவை 50. 1976 மார்ச்சில் டுனீசியாவில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. எல்லாம் அவசர அவசரமாக நடந்த வேலை.

தலைக்கவசத்தின் களிமண் மாதிரி யாருடையது என்பதில் இன்றும் ஒரே பேச்சு இல்லை. நிக் பெம்பர்டன் செய்தது என்று பிரிட்டிஷ் நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. லிஸ் மூர் செய்தது என்று பிரையன் மியூர் சொல்லிவருகிறார். லிஸ் மூர் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தின் கடைசியில் வரும் விண்வெளிச் சிசுவைச் செதுக்கியவர். சி-3பிஓ என்ற பொன்னிற எந்திர மனிதனுக்கும் உருக்கொடுத்தவர். ‘ஸ்டார் வார்ஸ்’ திரைக்கு வருமுன்பே, 1976இல், கார் விபத்தில் இறந்துபோனார். தான் செய்தவை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. இந்தப் பெயரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

*

முகத் துண்டை மேசைமேல் வைத்து நேர் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒரு கன்னம் மற்றதைவிடக் கொஞ்சம் உப்பல். வாய்ப் பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கிட்டில் இருக்கும் குறை அல்ல இது. களிமண்ணில் கையால் செய்த முகம் அப்படித்தான் இருந்தது. அச்சு அதை அப்படியே வாங்கிக்கொண்டது. நல்ல கிட் செய்கிறவர்கள் அந்தக் கோணலைத் திருத்தாமல் விட்டுவைக்கிறார்கள். கணினியில் இரு பக்கமும் சமமாக வரைந்து எடுத்த முகங்களும் கிடைக்கின்றன. அவை சுத்தமாக இருக்கின்றன, ஆனால் எனக்கு அவற்றின்மேல் மனம் போகவில்லை.

கதையில் இந்த வீரர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒருவனை ஒருவனிடமிருந்து பிரித்தறிய முடியாதபடி செய்வதற்கென்றே போட்ட உடை. அந்த உடைக்குள் இப்படி ஒரு கோணல் தங்கியிருக்கிறது. ஒரு மனிதரின் விரல் ஒரு நாள் களிமண்ணில் எவ்வளவு அழுத்தியது என்பது அரை நூற்றாண்டு தாண்டி என் மேசைமேல் இருக்கிறது.

*

வெட்டும் வேலை.

கத்தியால் அறுத்துத் துண்டாக்கக் கூடாது. கோடு போட்டு, அதன்மேல் கத்தி முனையை லேசாக இரண்டு மூன்று முறை ஓட்டினால் போதும். பிறகு ஓரத்தைப் பிடித்து மெதுவாக மடக்க வேண்டும். கோடு நெடுக பிளாஸ்டிக் இன்னும் ஒரு படி வெளுத்துக்கொண்டே வந்து, ‘டக்’கென்று பிரிந்துவிடும். வளைவுகளுக்கு மட்டும் வளைந்த கத்தரிக்கோல். அதற்குப் பிறகு அரம், அதற்குப் பிறகு உப்புத்தாள். தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. அதற்கு எந்த வரைபடமும் பதில் சொல்லாது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற தையல்காரர் வளர்கிற பிள்ளைக்காக உள்ளே துணி பிடித்து விடுவாரே, அந்த மாதிரி முதல் வெட்டில் தாராளமாக விட்டுவிட வேண்டும். பிறகு மாஸ்கிங் டேப்பால் கைமேல் சுற்றி ஒட்டி, முழங்கையை மடக்கிப் பார்த்து, எங்கே கடிக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டு, மறுபடி எடுக்க வேண்டும். என் முன்கை மணிக்கட்டுப் பக்கம் ஒல்லி, மேலே பருமன். வலது கை இடது கையைவிடச் சுற்றளவு கூடுதல். இத்தனை வருஷம் கூடவே இருந்த உடம்பை நான் அளந்து பார்த்ததே இல்லை. இப்போது அளவு டேப்பை வைத்து, தோளிலிருந்து முழங்கை வரை, இடுப்பிலிருந்து முழங்கால் வரை, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்கிறேன். தராசு முன்னால் நிற்கிற கூச்சமும் இல்லை, கண்ணாடி முன்னால் நிற்கிற விமர்சனமும் இல்லை. இவ்வளவு இருக்கிறது, அதற்கேற்ப வெட்டு. அவ்வளவுதான் பேச்சு.

இரண்டு ஸ்டார்ம்ட்ரூப்பர்களை அருகருகே நிறுத்தினால் ஒரே மாதிரி தெரிவார்கள். அவர்கள் கவசங்களை மாற்றிப் போடச் சொன்னால் ஒருவருக்கும் சேராது.

*

பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

நொடியில் ஒட்டும் சூப்பர் க்ளூவும் இதற்கு உண்டு. அவசரக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். அது கெட்டியாகி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும், நடக்கும்போது கால் தகடு வளைந்தால் தெறித்துவிடும். ஒட்டியதைப் பிரிக்க நினைத்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து பிய்ந்து வரும். பெரும்பாலும் கட்டுகிறவர்கள் ஈ6000 என்ற பசையைத்தான் சொல்கிறார்கள். காய்ந்தும் ரப்பர் போல நெகிழ்வாக இருக்கும். முழுப் பிடிப்பு வர 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை ஆகும். குளிர் என்றால் இன்னும் தாமதம். ஒட்டிய பிறகு மனம் மாறினால் நிதானமாக நெம்பிப் பிரிக்கலாம், பசை சுருள் சுருளாக உரிந்து வந்துவிடும், கீழே பிளாஸ்டிக் பழையபடியே இருக்கும்.

மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கிற பசை காய்வதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.

முன்பாதியையும் பின்பாதியையும் விளிம்போடு விளிம்பு வைத்து, உள்ளே ஒரு பட்டை, வெளியே ஒரு பட்டை. வெளிப்பட்டையின் அகலத்துக்குக் கட்டுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கைக்கு 15 மி.மீ., காலின் முன்பக்கம் 20, பின்பக்கம் 25. பசையைத் தடவிப் பட்டையை வைத்து, நெடுக காந்தங்களைக் கவ்வவிட வேண்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, இடையில் பிளாஸ்டிக். ஓரங்களில் கிளாம்ப். அதன்பிறகு தொடக் கூடாது. காந்தத்தைச் சற்றே நகர்த்திச் சரிபார்ப்போமா என்று விரல் துறுதுறுக்கும். துறுதுறுக்கட்டும். கையைக் கழுவிக்கொண்டு சமையலைப் பார்க்கப் போகிறேன். காந்தம் இருக்கிற அளவுக்குத்தான் ஒரு நாளில் ஒட்ட முடியும் என்பதால் வேலை தானாகவே ஒரு நடையைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு முன்கை. மறுநாள் அதன் பின்பக்கம். அடுத்து மற்ற கை.

இப்படி ஒரு வேகம் என் மற்ற நாட்களில் எங்கேயும் இல்லை. எல்லாம் உடனுக்குடன் பதில் கேட்கின்றன. இங்கே, என்ன செய்தாலும் நாளைக்குத்தான்.

*

எய்ன்ஸ்வொர்த் 2004இல் தன் அச்சுகளிலிருந்து தலைக்கவசங்களை மறுபடி இழுத்து விற்கத் தொடங்கினார். படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபில்ம் நிறுவனம் வழக்குப் போட்டது. அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு எதிராக 2 கோடி டாலர் விதித்தது. பிரிட்டனில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தத் தலைக்கவசம் சிற்பமா, இல்லையா என்பதே அங்கே கேள்வி. சிற்பம் என்றால் பதிப்புரிமை பல காலம் நீடிக்கும். 2011 ஜூலையில் தீர்ப்பு வந்தது: சிற்பம் அல்ல, படம் எடுப்பதற்குப் பயன்பட்ட ஒரு பொருள்.

சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. பயன்பாட்டுப் பொருள்களுக்கெல்லாம் சிற்பத்தின் உரிமையைக் கொடுத்துவிட முடியாது. இருந்தாலும் களிமண்ணைத் தொட்டவர்களின் பக்கமே என் மனம் நிற்கிறது. மேசைமேல் இருக்கிற இந்தச் சாய்ந்த வாயைச் சிற்பம் அல்ல என்று என்னால் சொல்ல முடியாது.

*

பெயிண்ட். உடம்புக்கு வேண்டியதில்லை, பிளாஸ்டிக்கின் வெள்ளையே போதும். படத்துக்குச் செய்த தலைக்கவசங்களில் பெரும்பாலானவை வேறு வகை பிளாஸ்டிக், பாலிஎத்திலீன். அதில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. வெள்ளை அடித்து ஒப்பேற்றினார்கள். ஏ.பி.எஸ்.சுக்கு வெயில்தான் ஆகாது, நாளாவட்டத்தில் மஞ்சளித்துவிடும். திரையில் தும்பைப்பூ வெள்ளையாகத் தெரிந்த கவசங்கள் இன்று பழந்தந்தத்தின் நிறத்துக்குப் போயிருக்கின்றன.

கன்னத்துக் குழல்களில் வரும் நீலக் கோடுகளைக் கையால்தான் போட வேண்டும். முதல் படத்தில் கையால் போட்டவைதான், ஒரு தலைக்கவசத்தில் இருக்கிற எண்ணிக்கை இன்னொன்றில் இருக்காது. ஹம்ப்ரால் எனாமல், மெல்லிய தூரிகை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு.

*

கடைசியில் நாடாக்கள். தோளையும் மார்பையும், மார்பையும் வயிற்றையும், வயிற்றையும் முதுகையும் உள்ளே எலாஸ்டிக்கும் நாடாவும் டிக் பட்டனும்தான் பிடித்து நிறுத்துகின்றன. முதுகுப் பக்கத்துப் பட்டன்களை அணிகிறவரால் எட்ட முடியாது. தங்கை வந்து நின்றாள். இடுப்புத் தகட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் மூச்சை உள்ள இழுண்ணா” என்றாள். இழுத்தேன். பட்டன் விழுந்தது. “இப்ப விடு. பிடிக்குதா?” பிடிக்கவில்லை.

இதை அணிந்துகொண்டு உட்கார முடியாது. படி இறங்கும்போது பாதம் தெரியாது. பச்சைக் கண்ணாடி வழியே நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும், கீழே நிற்கிற குழந்தை தெரியாது. படத்திலேயே ஒரு வீரன் கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்வான். அந்த நடிகரின் கண்ணுக்கு நிலை எட்டியிருக்காது என்பது தலைக்கவசத்தைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். பொது இடத்துக்குப் போனால் சாதாரண உடையில் ஒருவர் கூடவே நடக்க வேண்டும், வழி சொல்ல, தண்ணீர் கொடுக்க, பிள்ளைகள் மோதாமல் பார்த்துக்கொள்ள. தனியாக இந்த வீரனால் கதவைத் தாண்டக்கூட முடியாது. அந்தக் கூடவரும் ஆளாகத் தங்கை வருகிறேன் என்றிருக்கிறாள்.

*

501ஆவது லீஜன் என்ற அமைப்பை அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1997இல் தொடங்கியவர் ஆல்பின் ஜான்சன். கார் விபத்தில் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடு இந்தக் கவசத்தை அணிந்தார். இதற்குள் நுழைந்துவிட்டால் எல்லாக் காலும் வெள்ளைக் கால்தான். இன்று பல நாடுகளில் இருக்கும் அதன் உறுப்பினர்கள் இந்த உடையில் மருத்துவமனைகளுக்குப் போய்க் குழந்தைகளைப் பார்க்கிறார்கள், நிதி திரட்டுகிறார்கள்.

ஜான்சனின் சிறு மகளுக்கு மூளையில் புற்றுநோய் வந்தது. படத்தில் வரும் ஆர்2-டி2 மாதிரி ஓர் எந்திரம் தன் படுக்கைப் பக்கத்தில் காவல் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். எந்திரங்களைக் கட்டுகிறவர்கள் சேர்ந்து இளஞ்சிவப்பில் ஒன்று செய்யத் தொடங்கினார்கள். அவள் பெயரின் ஒலியையே வைத்து அதற்கு ஆர்2-கேடி என்று பெயரிட்டார்கள். 2005இல் அவள் இறந்துபோனாள். அந்த எந்திரம் இன்றும் மருத்துவமனைகளுக்குப் போய்வருகிறது. 2015இல் வந்த ‘தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்’ படத்திலும் இடம்பெற்றது.

நான் கட்டத் தொடங்கியது படத்தின்மேல் இருந்த ஆசையால். கட்டிமுடித்தபின் எங்கே நிற்க வேண்டும் என்பதை இந்தக் கதைதான் எனக்குச் சொன்னது.

இடது முழங்கால் தகடு காய்ந்துவிட்டது. அடுத்த வேலை தலைக்கவசத்துக்குள் சின்ன விசிறி. அது இல்லாமல் பேசினால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும், எதிரே கட்டிலில் இருக்கிற பிள்ளையின் முகம் தெரியாது. விசிறிக்கு இடம் நெற்றிப் பக்கமா, தாடைப் பக்கமா என்று இன்று இரவு டேப் வைத்துப் பார்க்க வேண்டும்.