சிறுவாடும் ஓய்வூதியமும்

என் சம்பளத்தில் பத்து விழுக்காடு மாதந்தோறும் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடிக்கப்படுகிறது. 2003 ஏப்ரலுக்குப் பின் தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு வந்த ஏற்பாடு அது. இதற்குப் பெயர் முன்யோசனை. அம்மா அரிசிப் பானைக்குள் மிச்சம்பிடித்து வைத்ததற்குப் பெயர் சிறுவாடு. வீட்டு ஆண்களின் வாயில் திருட்டு.

கணவருக்குத் தெரியாமல் சேர்ப்பது அறமா? அந்தப் பணம் யாருடையது என்பதல்லவா முதல் கேள்வி! கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் பங்குண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் சிறுவாடு, அவளுக்குத் தராத கூலியில் ஒரு சிறு பகுதி. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனபோது, அஞ்சறைப்பெட்டிப் பணத்துக்குப் பெண்கள் வீட்டில் கணக்குச் சொல்ல நேர்ந்தது. ஏன் ஒளித்தாள் என்று கேட்பவர்கள், ஒளிக்காவிட்டால் அது அவள் கையில் தங்கியிருக்குமா என்றும் கேட்க வேண்டும். முதுமைக்கென அவள் பெயரில், அவள் கையெழுத்தில் கணக்குத் தொடங்கி மாதாமாதம் போடுவது, வீடு அவளுக்குத் தரவேண்டிய பாக்கி.